செவில் நகரத்தில் அஸர்

கடிதம் விடுதி முகவரிக்கு வந்திருந்தது. உறையில் என் பெயர் இருந்தது. அவர் எழுதிய எந்தக் கடிதத்தின் உறையிலும் அதற்கு முன் என் பெயர் இருந்ததில்லை.

அவர் என்றால் ஷரிபுதீன். எனக்கும் அவருக்கும் காவின் என்ற நிக்காஹ் ஒப்பந்தம் எழுதி இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. எழுதிய ஒன்பதாம் நாள் அவர் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார். எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை. எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். அதற்குப் பெண்ணுக்கென்று ஒரு வீடு வேண்டும். எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் கூரை போன பிறகு வாப்பா எனக்காகத் தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்துக்கு மேல் எழும்பவில்லை. இறக்காமத்து வயலில் ஒரு போகம் யானை இறங்கியது, அடுத்த போகம் குளத்தில் தண்ணீர் இல்லை. ஆகவே காவின் எழுதியும் நான் வாப்பா வீட்டுப் பிள்ளையாகவே இருந்தேன்.

அவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. காவின் முடிந்து பள்ளிவாசலிலிருந்து எல்லோரும் அவரைக் கூட்டிப்போனபோது ஜன்னல் சேலையை விலக்கிப் பார்த்தேன். தொப்பியும் பிடரியும் தெரிந்தன. முகம் பாஸ்போர்ட் அளவுப் படத்தில்தான்.

அவருடைய கடிதங்கள் வாப்பாவுக்கு வரும். வாப்பா உறையைக் கிழிப்பார். எனக்கு மூத்த ஹாஜறா ராத்தா சத்தமாக வாசிப்பா. உம்மா குசினி அடுப்படியில் நின்று கேட்பா. நான் அறைக்குள் நின்று கேட்பேன். மாமா சுகமா, மாமி சுகமா, வெள்ளாமை எப்படி என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்தால் கப்பல் கொஞ்சம் தாழுது மாமா, ஏனென்று உங்கட மகளிட்ட கேட்டுச் சொல்லுங்க. இன்னொரு தடவை, நல்லாச் சூடான இரும்பில் விழுந்த தண்ணீர்த்துளி உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடித்திரிவது ஏன் என்று கேட்டிருந்தார்.

"இதென்ன, பெண்சாதிக்குச் சோதினை வைக்கிறாரா?" என்று ராத்தா சிரிப்பா.

பதிலை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். வாப்பா அதைத் தன் கடிதத்தோடு மடித்து வைப்பார். உப்புத் தண்ணீர் கனமானது, ஆகவே கூடுதலாகத் தாங்கும். துளிக்கும் இரும்புக்கும் இடையில் அதன் ஆவியே மெத்தையாக நிற்கிறது. இவ்வளவுதான் எழுதுவேன். படமும் கீறுவேன். ஒரு பதிலுக்கு நான்கு தாள் கிழிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

செவில் போவதற்கும் அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. நான் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தேன். தென் ஸ்பெயினில், ஆறு கடலில் விழும் சதுப்பில், உப்பு மண்ணில் நெல் விளைவிக்கிறார்கள். அதைப் படிக்க மூன்று வாரம் இருவரை அனுப்ப முடிவாயிற்று. வாப்பா நேரே மறுக்கவில்லை. காவின் எழுதின பிள்ளை, மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்று கடிதம் போட்டார். அவர் மறுப்பார் என்று நம்பித்தான் போட்டார்.

"போய் வரட்டும் மாமா" என்று ராத்தா பதிலை வாசித்தா. "உப்பு வயலில் நெல்லு எப்படி விளையுது என்று வந்து எனக்கும் சொல்லச் சொல்லுங்க."

"கப்பல் எண்ணெய் மாப்பிளைட தலைக்குள்ள போயிட்டுது" என்றா உம்மா.

அந்த இரவு எல்லோருடைய கோப்பையையும் நானே கழுவினேன். சந்தோஷம் என்று யாருக்கும் காட்ட முடியவில்லை.

இப்போது விடுதி அறையில், என் பெயர் எழுதிய உறையை நானே கிழித்தேன்.

அவருடைய கப்பல் எலெனி வெள்ளிக்கிழமை செவில் ஆற்றுத்துறைக்கு வருகிறது. உரம் இறக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பும். ஞாயிறு பின்னேரம் மட்டும் அவரைக் கரைக்கு விடுவார்கள்.

"துறைக்கு வரவேண்டாம். அது பெண்கள் வரும் இடம் இல்லை. ஊருக்கு நடுவில் பெரிய கோபுரம் ஒன்று இருக்குது. முன்னம் பள்ளி மினாராவாக இருந்ததாம், இப்ப கோயில் மணி தொங்குது. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ஞாயிறு அஸருக்கு அதன் அடியில் நிற்பேன்.

"என் உம்மா எனக்கு எழுதியிருக்கிறா. காவினுக்குச் சம்மதம் கேட்டு வந்தபோது நீங்கள் வாய் திறக்கவே இல்லையாம். படித்த பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லையாம். வீடும் அதனால்தான் அப்படியே கிடக்குதாம். நான் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. விருப்பம் என்றால் வாருங்கள். வராவிட்டால் கோபிக்க மாட்டேன். காவினை மரியாதையாக முடித்துவிடலாம். இதை மாமாவுக்கு எழுத ஏலாது. அதனால் உங்களுக்கு எழுதினேன்."

அந்தக் கடிதத்தில் கேள்வி எதுவும் இல்லை.

சம்மதம் கேட்டுப் பள்ளிவாசல் லெவ்வையும் இரண்டு சாட்சிகளும் அறைவாசலுக்கு வந்தது உண்மை. மூன்று தரம் கேட்டார்கள். எனக்கு நாக்கு எழும்பவில்லை. குமர்ப்பிள்ளை பேசாமல் இருந்தால் சம்மதம்தான் என்று லெவ்வை சொல்லிவிட்டுப் போனார். சட்டம் அதுதான். அவருடைய உம்மா சட்டத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்திருக்கிறா. வெட்கப்படும்போது என் முகம் கோபம் போல இருக்கும். பல்கலைக்கழகத்திலும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் போட நாள் இல்லை. கடிதத்தைச் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

என்னோடு வந்தவர் ஞானராணி அக்கா. பெரியநீலாவணை ஊர், கத்தோலிக்கர், என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் நிலையத்தில் மண் பரிசோதனை அவருடைய வேலை. அவர் இல்லையென்றால் உம்மா என்னை விட்டிருக்க மாட்டா.

"என்ன புள்ள, காய்ச்சலா? கன்னம் ரெண்டும் சிவந்து கிடக்கு" என்றார்.

கடிதத்தை நீட்டினேன். சொல்வதைவிட அது சுலபம்.

வாசித்துவிட்டு அக்கா கட்டிலில் இருந்தார். "நல்ல மனிசன் கா" என்றார். "ஆனா விசரன். போவாய்தானே?"

"ஓம்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு. அவனிட்டயும் இப்பிடி முணுமுணுத்தா அவன் கப்பல்ல ஏறி நேரா ஜப்பானுக்குப் போயிருவான்."

செவில் வந்த அன்றே நேரம் எனக்குப் பிரச்சினையாக இருந்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு இல்லை. சூரியன் இரவு ஒன்பதரைக்கு மறைந்தது. "இதென்ன நாடு கா, ராச்சாப்பாட்டுக்கும் வெயில் எரிக்கி" என்று அக்கா ஜன்னலைச் சாத்தினார். நான் விடுதி முற்றத்தில் பென்சிலைச் செங்குத்தாக நட்டு நிழலை அளந்தேன். உச்சி வேளையில் பொருளுக்கு ஒரு சிறிய நிழல் இருக்கும். அந்த நிழலோடு பொருளின் நீளமும் சேர்ந்த அளவுக்கு நிழல் நீளும்போது பின்னேரத் தொழுகையான அஸரின் நேரம் நுழையும். சிறு வயதில் ஓதப் படித்த இடத்தில் சொல்லித் தந்தது. மிச்சம் திரிகோண கணிதம். ஐந்து நேரத் தொழுகைக்கும் கணக்குப் பார்த்து வரைதாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இருபத்திரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே அஸர் ஆறு பத்து என்று இருந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எங்களைச் சதுப்பு வயலுக்குக் கூட்டிப் போனார்கள். முழங்கால் சேற்றில் நின்று உப்பு மானியில் அளவு எடுத்தேன். எடுத்த அளவுகளை இரண்டு தடவை பிழையாக எழுதினேன். கப்பல் ஆற்றில் எங்கேயோ நின்றது.

ஞாயிறு காலை அக்கா பூசைக்குப் போனார். நானும் கூடப் போய் வெளியே ஆரஞ்சுத் தோடை மரங்கள் நிற்கும் முற்றத்தில் இருந்தேன். அந்தத் தேவாலயம் பெரிது. கல்முனைக் கடைத்தெரு முழுவதும் அதற்குள் அடங்கும். அது நிற்கும் இடத்தில் எண்ணூறு வருடத்துக்கு முன் பள்ளி இருந்தது. பள்ளியில் மிஞ்சியது அந்த முற்றமும் மினாராவும்தான். தொழுமுன் கைகால் கழுவி ஒழுச் செய்த தடாகத்தில் இப்போதும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மரங்களுக்கு அடியில் கல்லில் வெட்டிய சிறு வாய்க்கால்கள் ஓடின. மரத்துக்கு மரம் தண்ணீர் மாற்ற நம் வயலில் வரம்பை வெட்டுவதுபோல அங்கே சிறு பலகையால் அடைக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன்.

பூசை முடிந்து அக்கா ஈரக் கண்ணோடு வந்தார். "உனக்கும் சேர்த்துக் கேட்டிரிக்கன்" என்றார். "மேல இரிக்கிற உங்கட ஆள் கோவிக்க மாட்டார்தானே?"

பிறகு கோபுரத்தில் ஏறினோம். ஹிரால்டா என்று சொல்கிறார்கள். உள்ளே படிகள் இல்லை. சரிவுப் பாதை ஒன்று நான்கு சுவரையும் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. பாங்கு சொல்கிறவர் குதிரையிலோ கழுதையிலோ ஏறிப்போக அப்படிக் கட்டினார்களாம்.

"நம்மட ஊர் மோதினாருக்கு ஒரு கழுதை கொடுத்தா அவர் அதில ஏறிச் சந்தைக்குத்தான் போவார்" என்றார் அக்கா. இருபதாவது திருப்பத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்கே ஒண்டு வேணும்" என்றார்.

மேலே மணிகள் தொங்கின. கீழே வெள்ளை வீடுகளும் ஓட்டுக் கூரைகளும். ஆறு பச்சையாக வளைந்து கிடந்தது. அதன் கரையில் பன்னிரண்டு பக்கக் கோபுரம் ஒன்று, தங்கக் கோபுரம் என்று பெயர். அதற்கும் அப்பால், தெற்கே, பாரந்தூக்கிகளுக்கு நடுவில் இரண்டு கப்பல்கள் நின்றன. ஒன்று வெள்ளை. மற்றது துருப்பிடித்த செம்மண் நிறம். எது எலெனி என்று தெரியவில்லை. இரண்டையும் பார்த்தேன்.

மூன்று மணிக்கு எங்கள் நெல் பயிற்சி வகுப்பு முழுவதையும் அல்காஸர் என்ற அரண்மனைக்குக் கூட்டிப் போனார்கள். தேவாலயத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் ஒரு சதுக்கம்தான். அரண்மனையைக் கட்டியவர் கிறிஸ்தவ அரசர், வேலை செய்தவர்கள் முஸ்லிம் கைவினைஞர்கள் என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னார். சுவரெல்லாம் ஓட்டுத்துண்டுகள். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து எங்கும் முடியாமல் போனது. அதற்கு மேல் சுண்ணத்தில் செதுக்கிய அறபு எழுத்து. அலங்காரக் கொடி என்று வழிகாட்டி கையைக் காட்டிவிட்டு நடந்தார். நான் நின்று எழுத்துக் கூட்டினேன். வலா காலிப இல்லல்லாஹ். வெல்கிறவன் அல்லாஹ்வைத் தவிர யாருமில்லை. ஓர் அறை முழுக்க அதையே எழுதியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்ல வாய் வரவில்லை.

முற்றங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு முற்றத்தில் நின்றபோது கூரைக்கு மேல் மினாரா தெரிந்தது. வெயில் அதில் நேராக விழுந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று நாற்பது. இன்னும் இரண்டரை மணி நேரம் என்று எண்ணினேன். சந்தோஷமாகவே எண்ணினேன். என்ன பேசுவது என்று யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. ஸலாம் சொல்ல வேண்டும். பிறகு உப்பு வயலைப் பற்றிச் சொல்லலாம். அவர் கேட்டுத்தானே இருந்தார். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். அந்த வசனத்தை நான் இன்னும் அமைக்கவில்லை.

ஐந்து மணிக்கு விடுதிக்குத் திரும்பி முகம் கழுவினேன். கொண்டுவந்ததில் நல்ல சேலையை உடுத்தேன். ஊதா நிறம். அக்கா முந்தானையைத் தலையில் போட்டு ஊசி குத்தினார். அவிழ்த்து மறுபடி குத்தினார்.

"கா, சும்மா நில்லு. இன்னொருக்காக் குத்தினா ஊசி காதுக்குள்ள போயிரும்."

"நேரம் போகுது அக்கா."

"ஆறு பத்து எண்டு நீதானே எழுதி ஒட்டி வெச்சிரிக்காய்."

ஐந்து ஐம்பதுக்குக் கோபுரத்தடியில் நின்றோம். இருபது நிமிடம் முன்னதாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் வெட்கம். அக்கா தூரத்தில் படியொன்றில் போய் இருந்தார். சதுக்கத்தில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. புறாக்கள். ஐஸ்கிறீம் தின்னும் குடும்பங்கள். கறுத்த முகம் எதுவும் இல்லை.

ஆறு பத்து ஆயிற்று. என் காலடி நிழலைப் பார்த்தேன். கணக்குச் சரி.

ஆறரை ஆயிற்று. அவர் மனம் மாறிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேலை கூடியிருக்கும் என்று நினைத்தேன். நான் காத்து ஏமாந்தது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிகிறது போல இருந்தது. முந்தானையை இழுத்து இழுத்து ஊசி கழன்றது.

வண்டிக்காரர் ஒருவர் என்னைக் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர், வைக்கோல் தொப்பி. கிட்ட வந்து ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தன் கன்னத்தைத் தொட்டு என் கையைக் காட்டினார். அதே நிறம் என்பதுபோல. பிறகு தலையில் சேலை போடுவதுபோல இரண்டு கையாலும் செய்து காட்டி, சதுக்கத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். ஒருவன் இப்படிச் சேலை போட்ட பெண்ணைத் தேடினான். அது விளங்கியது. நான் நின்ற இடத்தையே காட்டினார்.

மணிக்கூட்டைக் காட்டி எப்போது என்று கேட்டேன். என் மணிக்கூட்டுக் கண்ணாடியில் விரலை வைத்தார். மூன்றில் சின்ன விரல், ஆறில் பெரிய விரல். மூன்றரை. பிறகு விரலை மெல்லச் சுற்றி ஐந்தரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு விரலை நடக்கவிட்டு, ஆற்றுப் பக்கம் காட்டினார்.

மூன்றரை.

எங்கள் ஊரில் அஸர் மூன்றரை. மாரியிலும் மூன்றரை, கோடையிலும் மூன்றரை. ஐந்து பத்து நிமிடம்தான் முன்பின். பள்ளிக்கூடம் விட்டு, சோறு தின்று, ஒரு சின்ன உறக்கம் போட்டால் அஸர். யாராவது அஸருக்கு வாறன் என்றால் மூன்றரைக்கு வருவார். நிழலை அளந்து யாரும் வருவதில்லை. கப்பலில் போகிறவர் சூரியனைப் பார்த்து நேரம் அறிவார் என்று நான் நினைத்தேன். எஞ்சின் அறையில் சூரியன் இல்லை. அங்கே மணிக்கூடுதான் இருக்கும். அவர் அஸர் என்று எழுதியது எங்கள் வீட்டு அஸரை.

நான் அரண்மனை முற்றத்தில் நின்று இந்தக் கோபுரத்தைப் பார்த்தபோது அவர் இதன் அடியில் நின்றிருக்கிறார்.

அக்கா ஓடி வந்தார். "என்ன சொல்றான் அவன்?"

"மூன்றரைக்கு வந்திட்டார் அக்கா. ரெண்டு மணித்தியாலம் நின்டிரிக்கார். நான் வரல்ல எண்டு போயிட்டார்."

"எங்க?"

"கப்பலுக்கு."

அக்கா கோபுரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏறு வண்டில" என்றார்.

"துறைக்கு வரவேணாம் எண்டு எழுதியிரிக்கார்."

"அவன் அஸருக்கு எண்டும்தான் எழுதினான். ஏறு கா!"

வண்டிக்காரருக்கு அக்கா தமிழில்தான் சொன்னார். "கப்பல், கப்பல், சுறுக்கா" என்று கையை வீசினார். அவருக்கு முழுவதும் விளங்கியது. குதிரையை விரட்டினார். தேவாலயத்துச் சுவர் பின்னால் போனது. பல்கலைக்கழகமாகிவிட்ட பழைய புகையிலைத் தொழிற்சாலை ஒன்று போனது. காலையில் மேலிருந்து பார்த்த தங்கக் கோபுரம் வலது பக்கம் தூரத்தில் தெரிந்து மரங்களுக்குள் மறைந்தது. ஆற்றோரத் தோட்டத்தில் மாலை நடை வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வராவிட்டால் கோபிக்க மாட்டேன் என்று எழுதியதையே நினைத்தேன். கோபித்திருந்தால் நல்லது. கோபிக்காமல் அவர் எழுதப்போகும் அடுத்த கடிதத்தை ராத்தா சத்தமாக வாசிப்பா.

துறைவாசலில் காவலாளி மறித்தான். வண்டிக்காரர் இறங்கி அவனோடு உரத்துக் கதைத்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கினார், நெஞ்சில் வைத்தார். காவலாளி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கம்பியைத் தூக்கினான்.

செம்மண் நிறக் கப்பல்தான் எலெனி. பெயரை வாசித்தபோது ஏணியை உயர்த்தியிருந்தார்கள். கரையில் இருவர் முன்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் இடையில் ஒரு முழம் தண்ணீர். மேலே கம்பியோரம் மூன்று நான்கு பேர் கயிறு சுருட்டினார்கள். ஒருவரும் கீழே பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் கூப்பிட வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

"டேய் தம்பி!" என்று அக்கா கத்தினார். பெரியநீலாவணைக் கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடும் குரல். "இஞ்ச பாரடா! காது அடைச்சிட்டா?"

கயிறு சுருட்டியவர்களில் ஒருவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "யாரும்மா அது, தமிழ்ல?" என்றான். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

"ஷரிபுதீன் இரிக்கானா?"

"ஷரீப் பாயா? கீழ எஞ்சின்ல இருக்காரு. இப்ப வர முடியாது, கப்பல் கெளம்புது. நீங்க யாரு?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "சொல்லு."

"நீங்க சொல்லுங்க அக்கா."

"என்ட புருசனா அவன்? நீ சொல்லு!"

ஒரு முழம் நாலு முழமாயிற்று. கல் தளம் பாதத்துக்குக் கீழே அதிர்ந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த அதிர்வை உண்டாக்கும் கைகளில் இரண்டு அவருடையவை. பின்பக்கம் தண்ணீர் சேற்று நிறமாகக் கொதித்து எழுந்தது. அவர் கேட்ட கேள்விகளில் எதற்கும் நான் நேரில் பதில் சொன்னதில்லை.

"நான் முனவ்வறா!" என்றேன். கேட்கவில்லை என்று அவன் காதில் கை வைத்தான். நான் தளத்தின் விளிம்புவரை போனேன்.

"ஷரிபுதீன்ட பெண்சாதி! கல்முனை!" என்று கத்தினேன். அவர் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊரில் சொன்னால் உம்மா வாயில் அடிப்பா. "நான் வந்தனான் எண்டு சொல்லுங்க! பிந்தினது என்ட பிழை! வந்தனான் எண்டு சொல்லுங்க!"

அவன் முகம் மாறியது. "ஐயோ, மத்தியானம் பூரா உங்களைத்தான் தேடினாரும்மா" என்றான். கயிற்றைப் போட்டுவிட்டு இரும்புக் கதவுக்குள் ஓடினான்.

கப்பல் நடு ஆற்றுக்குப் போனது. மூக்கைத் தெற்கே திருப்பியது. எஞ்சின் அறைக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்குமா என்றும் தெரியாது. அவர் கடிதத்தில் எஞ்சின் அறையைப் பற்றி எழுதியதில்லை. நானும் கேட்டதில்லை. இருநூறு யார் தூரம் போயிருக்கும். முந்நூறு. தூத்துக்குடிக்காரன் திரும்பி வரவில்லை. வெயில் இன்னும் நன்றாக இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பிறகு கப்பலின் பின்பக்கத்தில் ஒருவர் தெரிந்தார். நீலக் காற்சட்டை, மேலே வெற்றுடம்பு அல்லது வெள்ளை பெனியன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தார். ஒரு கையைத் தூக்கினார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார். வெயிலுக்குக் கண்ணை மறைக்கிறாரா, எங்களுக்குக் காட்டுகிறாரா என்று அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை.

நான் இரண்டு கையையும் தூக்கினேன். முந்தானை தோளில் விழுந்தது. எடுத்துப் போடவில்லை.

"அவனா கா?" என்றார் அக்கா.

"தெரியா அக்கா."

"தெரியாமலா கையக் காட்டுறாய்?"

"ஓம்" என்றேன்.

அக்காவும் கையைத் தூக்கினார். எங்களுக்குப் பின்னால் வண்டிக்காரரும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். கப்பல் வளைவில் திரும்பும்வரை அந்த ஆள் அங்கேயே நின்றார்.